டாப் ஐந்து: கரண்ட் போனால் கை தானாக எடுக்கும் ஆட்டங்கள்

மாடிப்படி:

நம் குழுவில் சினிமா டாப் ஐந்து, பாட்டு டாப் ஐந்து, பிரியாணிக்கடை டாப் ஐந்து எல்லாம் எழுதி ஆகிவிட்டது. இப்போது ஒரு புது வரிசை போடலாமா? வீட்டுக்குள் உட்கார்ந்து, எதிரில் ஒரு ஆளை வைத்துக்கொண்டு ஆடுகிற ஆட்டங்களில் உங்களுடைய டாப் ஐந்து எது? கரண்ட், நெட், சார்ஜ் எதுவும் தேவைப்படக் கூடாது. காசு வைத்து ஆடுவது கணக்கில் சேராது. முக்கியமாக, உலகத்திலேயே சிறந்த ஆட்டம் என்று நீங்கள் மதிப்பதை எழுத வேண்டாம், நான்கு பேர் சேர்ந்தால் உங்கள் கை தானாக எதை எடுக்கிறதோ அதை எழுதுங்கள். செஸ்ஸுக்கு முதலிடம் கொடுத்துவிட்டுப் பல வருடமாகப் பலகையைப் பரண்மேல் போட்டு வைத்திருப்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள்.

என்னுடையது:

1. கேரம்
2. தாயம்
3. கழுதை (சீட்டுக்கட்டு ஆட்டம், யாரையும் திட்டவில்லை)
4. ராஜா ராணி மந்திரி திருடன் போலீஸ்
5. பரமபதம்

கேரம் ஏன் முதலில் என்றால், ஆடத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் ஒரே பலகையில் இடம் இருக்கிறது. ஜோடி போட்டு ஆடும்போது நான் ஸ்ட்ரைக்கரையே குழிக்குள் விட்டு அபராதம் கட்டிக்கொண்டிருந்தாலும் எதிரில் இருக்கும் என் ஜோடி ரெட்டையும் ஃபாலோவையும் போட்டுக் காப்பாற்றிவிடுவார். கழுதையில் அந்தக் கருணையே கிடையாது, ஆர்டின் ஓடும்போது கையில் அது இல்லாத ஒருவர் வேறு சீட்டால் வெட்டினால் பெரிய சீட்டு இறக்கிய ஆள் மொத்தத்தையும் அள்ள வேண்டியதுதான், ஆனால் அந்த அள்ளும் முகத்தைப் பார்க்கத்தானே ஆடுகிறோம். பரமபதம் வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழிப்பதற்கு மட்டும்தான் வெளியே வரும். ஒரே ராத்திரி என்றாலும் ஐந்தாவது இடம் தரலாம், அடுத்த பாம்பு யாரைக் கொத்தும் என்று வீடே விழித்திருக்கிறதே.

ரெட்டு_ஃபாலோ:

கரண்ட் போன இருட்டில் கேரம் எப்படி அண்ணா ஆடுவீர்கள்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் வடசென்னை, அதனால் என் ஐந்தில் முதல் மூன்று இடமும் கேரம்தான்: ஒற்றை ஆட்டம், ஜோடி ஆட்டம், சின்னப் பிள்ளைகளோடு ஆடும் பாயிண்ட் ஆட்டம் (கறுப்பு 10, வெள்ளை 20, ரெட் 50). நான்காவது டிரம்ப் கார்டு, அந்தக் காலத்து மல்யுத்தக்காரர்கள் படம் போட்டது, எடை, உயரம் சொல்லி அடுத்தவன் கார்டைப் பிடுங்குவோமே, அது. ஐந்தாவது புக் கிரிக்கெட்.

கேரம் என்றால் ஏதோ மழைக்காலப் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். சென்னைக்காரர் மரிய இருதயம் 1991லும் 1995லும் உலக சாம்பியன், அர்ஜுனா விருதும் வாங்கியவர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த போட்டியில் எங்கள் பக்கத்துப் பொண்ணு காசிமா மகளிர் ஒற்றையர், இரட்டையர், அணி என்று 3 தங்கம் கொண்டு வந்தாள். ஆட்டோ ஓட்டுபவரின் மகள். அந்த வாரம் இங்கே எந்தக் கேரம் சங்கத்திலும் பலகை காலியாக இல்லை, நாற்காலியில் உட்கார்ந்து சும்மா வேடிக்கை பார்த்த பெரிசுகள்கூட போரிக் பவுடர் தூவ ஆரம்பித்துவிட்டார்கள்.

இன்னொன்று, கட்டை விரலால் அடித்தால் செல்லாது என்று சண்டை போடுகிற சொந்தக்காரர் எல்லா வீட்டிலும் ஒருவர் உண்டு. செல்லும். சர்வதேச விதியிலேயே கட்டை விரலுக்கு அனுமதி இருக்கிறது. அவரிடம் இதைக் காட்டுங்கள். ரெட்டுக்கு அங்கே 50 எல்லாம் கிடையாது, 3 பாயிண்ட்தான், அதுவும் உங்கள் கணக்கு 21ஐத் தாண்டிவிட்டால் அந்த 3ம் சேராது. 25 எடுத்தால் ஆட்டம் முடிந்தது, இல்லாவிட்டால் 8 போர்டு (அதாவது 8 சுற்று) முடிவில் யார் முன்னால் இருக்கிறாரோ அவர்.

மாடிப்படி:

பகலில் கரண்ட் போகாதா தம்பி? எங்கள் ஊரில் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுக்கும் நேரம் பார்த்துத்தான் போகும். மூன்று இடத்தையும் கேரத்துக்கே கொடுத்தது கள்ள ஆட்டம், ஆனாலும் விடுகிறேன்.

பதினாறு_கட்டம்:

தாயத்தை இரண்டாவதாகப் போட்டதற்கு என் கண்டனம். முதலிடம் அதற்குத்தான். காரணம் சொல்கிறேன், கொஞ்சம் கணக்கு வரும், பிடிக்காதவர்கள் தாண்டிப் போங்கள்.

பித்தளைத் தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கம்: 1, 2, 3, ஒன்றும் இல்லாத வெற்றுப் பக்கம். இரண்டையும் உருட்டினால் 16 விதமாக விழலாம். தாயம், அதாவது ஒன்று, விழ வேண்டுமானால் ஒரு கட்டையில் 1, மற்றதில் வெறுமை. அது 16ல் 2 விதம்தான், எட்டில் ஒரு வாய்ப்பு. தாயம் விழாமல் காயே இறங்காது. எட்டுத் தடவை உருட்டியும் தாயம் விழாமல் போவதற்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது, அதனால் எதிராளி இரண்டு காயைப் பாதிச் சுற்று ஓட்டி முடிக்கும்வரை நீங்கள் கட்டையை ஊதி ஊதி உருட்டிக்கொண்டிருப்பது உங்கள் ராசி இல்லை, கணக்கு அப்படி. பன்னிரண்டு இன்னும் மோசம், இரண்டும் வெறுமையாக விழ வேண்டும், 16ல் ஒன்று. ஆனால் 1, 5, 6, 12 எது விழுந்தாலும் மறுபடி உருட்டலாம் என்பதால் 16ல் 6 தடவை கை உங்களிடமே நிற்கும். அந்த 6தான் ஆட்டத்தின் உயிர். ஒரே கையில் ஆறு, பன்னிரண்டு, தாயம் என்று ஒருவர் அடுக்கிக்கொண்டே போகும்போது வருகிற சத்தத்தைத் தெருவே கேட்கும்.

மற்ற நான்கு: ஆடுபுலி (3 புலி, 15 ஆடு, நான் எப்போதும் ஆட்டுப் பக்கம்தான்), 28 (சீட்டாட்டம்), செஸ், ரம்மி. ரம்மியை ஆன்லைனில் காசு கட்டித் தொலைத்தவர்கள் கதை நமக்கெல்லாம் தெரியும், நான் சொல்வது கல்யாண வீட்டு மண்டபத்தில் பாய் விரித்து ஆடுகிற ரம்மி.

சோழிப்பை:

மூன்று பேர் எழுதுவதற்குள் பல்லாங்குழி வந்துவிடும் என்று பார்த்தேன், ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. ஆம்பளைகள் பதிவு என்றால் இப்படித்தான் போல.

நான் நெல்லைப் பக்கம். என் வரிசை பல்லாங்குழி, தாயம் (சோழி போட்டு), அஞ்சாங்கல், பாட்டுக்குப் பாட்டு, கழுதை. பாட்டுக்குப் பாட்டு ஆட்டமா என்று கேட்காதீர்கள், அப்துல் ஹமீது குரலில் அதைக் கேட்டு வளர்ந்தவர்களிடம் அந்தக் கேள்வி செல்லாது.

பல்லாங்குழியைச் சின்னப் பெண்களுக்கு எண்ணிக்கை சொல்லிக் கொடுக்கும் ஆட்டம் என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது. 14 குழி, குழிக்கு 5 முத்து, ஆக 70. எந்தக் குழியில் இருந்து எடுத்தால் கடைசி முத்து எங்கே விழும், அதற்கு அடுத்த குழி காலியா, அதைத் துடைத்தால் அதற்கும் அடுத்த குழியில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது, இதையெல்லாம் கை போடுவதற்கு முன்னாலேயே பார்த்துவிடுவார் எங்கள் அத்தை. குழியை விரலால் தொட்டு எண்ணக் கூடாது என்பது அவர் வீட்டுச் சட்டம், கண்ணால் பார்த்தே சொல்ல வேண்டும். நடுவில் உங்கள் பக்கத்துக் குழியில் 4 சேர்ந்துவிட்டால் அது பசு, உடனே எடுத்து மடியில் போட்டுக்கொள்ளலாம், கவனிக்காமல் விட்டால் அடுத்த முத்து விழுந்து 5 ஆகிவிடும், போனது போனதுதான். எதிராளி பசுவைப் பார்க்காமல் இருக்கப் பேச்சுக் கொடுப்பதும் ஆட்டத்தில் பாதி. அத்தை அந்த நேரம் பார்த்துத்தான் சம்பந்தி வீட்டுக் கதையை எடுப்பார்.

மஞ்சாடி முத்து கிடைக்காதவர்கள் புளியங்கொட்டையில் ஆடலாம். பிளாஸ்டிக் பாசி வேண்டாம், கையில் நிற்காது.

அப்புறம் மாடிப்படி, ஒரு கேள்வி. உங்கள் வீட்டுத் தாயத்தில் யாரையும் வெட்டாமல் பழம் எடுக்கலாமா, அதாவது காயை நடுக்கட்டத்தில் சேர்க்கலாமா?

துரும்பு_304:

எல்லாரும் தமிழ்நாட்டு வரிசையாகப் போடுகிறீர்கள், ஒரு யாழ்ப்பாணத்து வரிசையும் கிடக்கட்டும். இப்ப இருப்பது டொரொண்டோ. முதலாவது 304. இரண்டாவது 304. மூன்றாவது கேரம், அதுவும் குளிர்காலத்தில் நிலவறையில். மிச்ச இரண்டையும் காலியாக விடுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சீட்டுக்கட்டில் 7ல் இருந்து மேலே உள்ள 32 சீட்டு மட்டும் எடுப்போம். ஜாக்கிக்கு 30, 9க்கு 20, ஏஸுக்கு 11, 10க்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, மற்ற இரண்டுக்கும் ஒன்றும் இல்லை. ஒரு சாதிக்கு (ஆர்டின் மாதிரி ஒரு வகைச் சீட்டுக்கு) 76, நான்கு சாதிக்கும் கூட்டினால் 304, பெயர் வந்தது அப்படித்தான். ராஜாவை ஜாக்கி அடித்துவிடும் என்பதை முதல் தடவை கேட்கிற பிள்ளைகள் நம்பமாட்டார்கள். நான்கு சீட்டு கையில் வந்ததுமே இத்தனை புள்ளி எடுப்போம் என்று 160ல் இருந்து கேட்கத் தொடங்க வேண்டும், அதாவது பாதிக் கையைப் பார்த்துவிட்டு முழு ஆட்டத்துக்கும் வாக்குக் கொடுக்கிறீர்கள், துரும்பை (மற்றதை வெட்டுகிற சாதியின் சீட்டை) கவிழ்த்து வைத்த பிறகுதான் மிச்சம் நான்கும் வரும். வந்த நான்கும் குப்பையாக இருந்தாலும் முகத்தில் காட்டக் கூடாது. முன்னால் இருக்கிற சோடிக்குக் கண்ணால் சைகை காட்டினால் அது கள்ளம், ஆனால் இருமல் யாருக்கும் வரலாம்தானே.

யாழ்ப்பாணத்தில் யுத்த நேரத்தில் வருசக்கணக்காகக் கரண்ட் இல்லை. குப்பிவிளக்கு வைத்துக்கொண்டு பெரிய ஆட்கள் இதை ஆடுவார்கள், நாங்கள் பின்னால் இருந்து பார்த்துப் பழகினோம். இங்கே பிறந்த என் மகனுக்குத் தமிழில் நூறுவரை எண்ணச் சொன்னால் இழுப்பான், ஆனால் "நூற்றித் தொண்ணூறு" என்று கேட்கிறபோது மட்டும் சத்தம் சுத்தமாக வரும்.

இரண்டாம்_சிப்பாய்:

மாடிப்படி சொன்ன அந்தப் பரண்மேல் கூட்டத்தில் நானும் ஒருவன், ஆனால் பழி என்மேல் இல்லை. எங்கள் வீட்டில் செஸ் இப்போது விளையாட்டு இல்லை, ட்யூஷன். 2022ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது தெருவெல்லாம் வேட்டி கட்டிய குதிரைத் தம்பி நின்றான், 2024 டிசம்பரில் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனார், அதோடு என் மனைவி பையனைக் கோச்சிங்கில் சேர்த்துவிட்டாள். இப்போது நான் ஒரு ஆட்டம் போடலாமா என்று கேட்டால், கடிகாரம் வை, நகர்த்தியதை எழுது, தொட்ட காயை ஆடு என்று ஆயிரம் நிபந்தனை போடுகிறான். இருபது நகர்த்தலில் தோற்கடித்துவிட்டு எந்த இடத்தில் தவறினேன் என்று விளக்கம் வேறு. ஆனந்துக்கே முதலில் சொல்லிக் கொடுத்தது அவர் அம்மாதான், வீட்டில் உட்கார்ந்து. அந்த மாதிரி செஸ் எங்கே போயிற்று?

அதனால் என் ஐந்து: கழுதை, லூடோ, கேரம், நேம் பிளேஸ் அனிமல் திங், ராஜா ராணி. எதற்கும் கோச்சிங் இல்லாதவையாகப் பார்த்து எடுத்தேன்.

அறுகோணம்:

கோச்சிங் இல்லாத ஆட்டமா? கேரத்துக்கே அகாடமி இருக்கிறது சார்.

நான் இங்கே கொஞ்சம் சின்னப் பையன், திட்டாதீர்கள். என் முதலிடம் கட்டான் (Catan) என்கிற பலகை ஆட்டம். 1995ல் ஜெர்மனியில் வந்தது. 19 அறுகோண நிலம், மரம், செங்கல், கம்பளி, தானியம், தாது என்று ஐந்து சரக்கு, பகடையில் உங்கள் எண் விழுந்தால் சரக்கு வரும், அதை வைத்து வீடு கட்டணும், ரோடு போடணும், 10 பாயிண்ட் எடுப்பவர் ஜெயித்தார். 7 விழுந்தால் திருடன் கிளம்புவான். பெரியவர்கள் வெளிநாட்டு ஆட்டம் என்று முகம் சுளித்தாலும், ஒரு முறை உட்கார வைத்துவிட்டால் பேரம் பேசுவதில் அவர்களை அடிக்க முடியாது. எங்கள் பெரியப்பா மளிகைக்கடை வைத்திருந்தவர், ஒரு செங்கலுக்கு மூன்று கம்பளி வாங்கிவிட்டு நமக்கு உதவி செய்த மாதிரி பேசுவார். குறை இரண்டு: விலை ஆயிரங்களில், அப்புறம் ஐந்தாவது ஆள் வந்தால் அவரை வேடிக்கை பார்க்க விட வேண்டும்.

மற்றவை ஊனோ, கேரம், தாயம், 304. கடைசியது இன்னும் ஆடியதே இல்லை, மேலே படித்ததும் சேர்த்துவிட்டேன்.

மாடிப்படி:

ஆடாததைச் சேர்க்கக் கூடாது என்று முதல் பதிவிலேயே சொன்னேனே! கை தானாக எடுக்க வேண்டும் தம்பி.

சோழிப்பை அக்கா, எங்கள் வீட்டில் வெட்டாமல் பழம் எடுக்கலாம். என் அப்பா காலத்தில் இருந்தே அப்படித்தான்.

சோழிப்பை:

அப்படியானால் உங்கள் வீட்டுத் தாயம் வேறு ஆட்டம். ஒரு காயாவது வெட்டினால்தான் உள்சுற்றுக்கே போகலாம். இல்லாவிட்டால் எல்லோரும் மலையில் (வெட்ட முடியாத கட்டத்தில்) ஏறி பத்திரமாக உட்கார்ந்துகொண்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பதினாறு_கட்டம்:

அக்கா சொல்வது சரி. வெட்டுக் கட்டாயம் இல்லாவிட்டால் கணக்குப்படி மலையைவிட்டு இறங்கவே காரணம் கிடையாது.

மாடிப்படி:

இரண்டு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வாருங்கள், எங்கள் சட்டத்தில் ஆடிப் பார்க்கலாம். 304 அண்ணா, 32 சீட்டில் யார் முதலில் இறக்குவது, பங்கிட்டவருக்கு வலப்பக்கமா இடப்பக்கமா? அறுகோணம் தம்பி சீட்டுக்கட்டோடு தயாராகிவிட்டானாம், நான்காவது ஆள் கிடைத்தாயிற்று.

துரும்பு_304:

வலப்பக்கம். முதல் நாள் துரும்பைத் திறந்து வைத்தே ஆடுங்கள், சண்டை குறையும்.