லெதர் சீட் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, நிறமும் உரிகிறது – அவசரம், உதவுங்கள்

மலைப்பாதை_கோவை | வெள்ளி, இரவு 9.40

வணக்கம். என் ஸ்போர்ட்ஸ் காரில் டிரைவர் சீட்டின் ஓரத் தோல் கொஞ்ச நாளாகவே வெளுத்து, கோடு கோடாக வெடித்திருந்தது. முந்தாநாள் ஒரு லெதர் கிரீம் வாங்கி நன்றாகத் தேய்த்தேன். இப்போது கை வைத்தால் ஒட்டுகிறது. இன்று இறங்கிப் பார்த்தால் வெள்ளைச் சட்டையின் இடுப்போரம் முழுக்கக் கறுப்புப் பட்டை. ஞாயிறு காலை அப்பாவை ஊட்டிக்குக் கூட்டிப் போக வேண்டும். இதன் மேல் வேறு எந்தக் கிரீம் போட்டால் சரியாகும்? சீக்கிரம் சொல்லுங்கள்.

கொண்டைஊசி_14 | 9.52

எந்த கார், எந்த வருடம்? ஓரம் என்றால் உட்காரும் பகுதியின் ஓரமா, முதுகுப் பக்கமா? சீட் என்ன நிறம்? வெளிச்சத்தில் ஒரு படம் போடுங்கள்.

தென்னந்தோப்பு | 10.05

தம்பி, தோல் காய்ந்தால் வெடிக்கத்தான் செய்யும். கடைக் கிரீமெல்லாம் வேண்டாம், செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயை வெதுவெதுப்பாக்கி ராத்திரி தடவி விடுங்கள். எங்கள் தாத்தாவின் தோல் செருப்பு பதினைந்து வருடம் உழைத்தது. மாதம் ஒரு தடவை எண்ணெய் போடுவார், அவ்வளவுதான்.

ஆறாம்கியர் | 10.11

மாதம் ஒருவராவது இதே கேள்வியோடு வருகிறார். பழைய இழைகளைப் படித்துவிட்டுக் கேட்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. கார் பெயரைக்கூட எழுதாமல் மருந்து மட்டும் கேட்டால் எப்படிச் சொல்வது?

எந்த ஸ்போர்ட்ஸ் காராக இருந்தாலும் காரணம் ஒன்றுதான்: ஏறத் தெரியவில்லை. சீட் தரையோடு இருக்கும், இரண்டு ஓரமும் மேடாக இருக்கும். சாதாரணக் காரில் ஏறுவதுபோல் ஒரு காலை உள்ளே வைத்துச் சறுக்கினால் உடம்பின் மொத்த எடையும் அந்த மேட்டின் மேல்தான் உராயும். ஜீன்ஸ் பித்தளை ரிவெட்டும் பெல்ட் பக்கிளும் சேர்ந்தால் அரம்தான். முதுகைக் காட்டி நின்று, கைப்பிடிமானம் வைத்து நடுச் சீட்டில் உட்கார்ந்து, அப்புறம் இரண்டு காலையும் ஒன்றாக உள்ளே எடுக்க வேண்டும். இதைப் பழகாதவர் எந்தக் கிரீம் போட்டும் பயனில்லை.

மலைப்பாதை_கோவை | 10.30

மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். போர்ஷே பாக்ஸ்டர், 2010, 2.9 லிட்டர். போன வருடம் இரண்டாம் கையாக வாங்கினேன். சீட் கறுப்பு. கதவோரம் இருக்கிற மேடு, தொடை படுகிற இடம். இடது சீட் பளபளப்பாக நன்றாக இருக்கிறது. ஏறுகிற முறையை இனி மாற்றிக்கொள்கிறேன், ஆனால் இப்போது ஒட்டுகிறதே, அதற்கு வழி?

ரெக்சின்ராஜா | 10.41

அது தோலே இல்லை, ரெக்சின். பாதி கார்களில் உடம்பு படும் இடம் மட்டும்தான் தோல், பக்கவாட்டும் பின்பக்கமும் ரெக்சின்தான். அது பழசானால் இப்படித்தான் ஒட்டும், உரியும். உக்கடம் பக்கம் நல்ல சீட் கவர் கடைகள் இருக்கின்றன, ஒரே நாளில் கவர் போட்டு வாங்கிவிடலாம்.

கொண்டைஊசி_14 | 10.48

கவர் வேண்டவே வேண்டாம். இந்தக் காரில் பக்கவாட்டு ஏர்பேக் சீட்டின் முதுகுப் பகுதி வெளியோரத்துக்குள்தான் இருக்கிறது. கார் மோதும் நொடியில் அது அந்தத் தையலைப் பிரித்துக்கொண்டு வர வேண்டும். அதற்காகவே அங்கே எளிதில் அறுகிற நூல் போட்டிருப்பார்கள். மேலே கெட்டியாக ஒரு உறை இழுத்துத் தைத்தால் பை எந்தப் பக்கம் விரியும்? மேல் தோல் மாற்றும்போதுகூட அந்த ஒரு தையலை நைலான் நூலால் இறுக்கிவிடும் கடைகளைப் பார்த்திருக்கிறேன். சீட்டைக் கழற்றுகிறவர் பேட்டரி இணைப்பை எடுத்து, கொஞ்ச நேரம் விட்ட பிறகுதான் அடியில் இருக்கும் ஏர்பேக் பிளக்கைத் தொட வேண்டும்.

ரெக்சின்ராஜா | 10.55

ஊரில் எல்லாரும் கவர் போட்டுத்தான் ஓட்டுகிறார்கள். யாருக்கு என்ன ஆனது?

கொண்டைஊசி_14 | 10.58

ஆன பிறகு கவரைக் கழற்றி என்ன பயன்? இந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆம்பூர்_ஃபினிஷிங் | 11.20

தம்பி, நான் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், ஃபினிஷிங் பிரிவில் இருபத்தி இரண்டு வருடம் வேலை பார்த்தவன். தயவுசெய்து இன்னொரு கிரீமும் போடாதீர்கள், எண்ணெயும் போடாதீர்கள்.

கார் சீட்டுக்குப் போகிற தோல் பெரும்பாலும் குரோமிய உப்பில் பதனிட்டது. சாயம் ஏறிய பிறகு அதன் மேல் நிறமிக் கோட், அதற்கும் மேல் பாலியூரித்தேன் கோட் அடிப்போம். உங்கள் கை படுவது அந்த மேல் பூச்சில்தான், தோலில் இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் பூச்சு இருக்கிறது. உடனே உள்ளே இறங்கிக் கறுத்தால் பூச்சு தேய்ந்துவிட்டது. பூச்சு இருக்கும் தோலுக்கு எந்தக் கிரீமும் உணவாகப் போகாது, மேலேயே படிந்து நிற்கும்.

ஆனால் கம்பெனிப் பூச்சு ஒரு கிரீமில் இளகிச் சட்டையில் வராது. அதனால் எனக்கு வேறு சந்தேகம். டார்ச் அடித்து மூன்று இடம் பாருங்கள்.

முதலில் தையல் நூல். நூலின் முறுக்கு தனியாகத் தெரிகிறதா, இல்லை நூலும் தோலும் ஒரே பெயின்டில் மூழ்கி விறைத்து நிற்கிறதா? அடுத்து, உட்காரும் பகுதியும் முதுகும் சேரும் இடுக்கை விரலால் விரித்து உள்ளே என்ன நிறம் என்று பாருங்கள். மூன்றாவது, முன் பக்க டிக்கி மூடியின் உள்புறம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் வண்டி ஃபேக்டரியிலிருந்து என்ன உள்நிறத்தில் வந்தது என்பதற்கு எண் இருக்கும். அதே ஸ்டிக்கர் சர்வீஸ் புத்தகத்திலும் ஒட்டியிருக்கும்.

அப்புறம் ஒரு கேள்வி. கார் கழுவுகிறவர் சீட்டில் என்ன போடுகிறார்? இடது சீட் "பளபளப்பு" என்கிறீர்கள். நல்ல கார் தோல் பளபளக்கக் கூடாது, மங்கலாகத்தான் இருக்க வேண்டும்.

தென்னந்தோப்பு | 11.34

ஆம்பூர்க்காரர் சொன்னால் கேட்கிறேன், ஆனால் தாத்தா செருப்பு பொய்யா? எண்ணெய் போட்டு மெத்தென்று ஆனதை நானே தொட்டுப் பார்த்தவன்.

ஆம்பூர்_ஃபினிஷிங் | 11.46

பொய் இல்லை ஐயா. அது பட்டைத் தோல், ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டது, மேலே பூச்சு கிடையாது. வெட்டு ஓரத்தில் தண்ணீர் பட்டால் குடிக்கும், எண்ணெய் விட்டாலும் குடிக்கும். அதற்கு எண்ணெய் போடுவது சரியே. அந்த வேலை தெரிந்த பெரியவர்களிடம்தான் நானும் கற்றேன். கார் தோல் வேறு சாதிச் சரக்கு. அதில் எண்ணெய் வெடிப்பு வழியாக மட்டும் இறங்கும். அந்த இடம் ஊறி, பூச்சின் விளிம்பு மேலே தூக்கிக்கொள்ளும். மழைக்காலத்தில் பூசணமும் பிடிக்கும், வாடையும் போகாது.

ஆறாம்கியர் | 11.50

தோலே தேவையில்லை என்பதுதான் என் கருத்து. ஸ்போர்ட்ஸ் காருக்கு அல்கான்டாரா துணி போதும். வளைவில் உடம்பு வழுக்காது, வெயிலில் சுடாது. 1987ல் வந்த ஃபெராரி எஃப்40 சீட்டில் தோல் இல்லை, துணிதான்.

கொண்டைஊசி_14 | 11.57

அல்கான்டாராவை மூன்று வருடம் வைத்திருந்தேன். அது பாலியஸ்டரும் பாலியூரித்தேனும் சேர்ந்த நுண்ணிழைத் துணி, 1970ல் ஜப்பானில் டோரே நிறுவனத்தில் உருவானது. பிடிமானம் அருமை, அதில் சந்தேகமில்லை. ஆனால் நம் ஊர் வியர்வைக்கு இழைகள் படுத்து, உருண்டு, முடிச்சு முடிச்சாகிவிடும். மென்மையான பிரஷ் போட்டு வாரம் ஒரு முறை நிமிர்த்த வேண்டும்.

ஆறாம்கியர் | சனி, நள்ளிரவு 12.03

பராமரிக்கத் தெரியாதவர் கையில் எதுவும் நிற்காது.

கொண்டைஊசி_14 | 12.06

கேட்டவரின் சீட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அல்கான்டாராவுக்குத் தனி இழை போடுங்கள், அங்கே பேசுவோம்.

மலைப்பாதை_கோவை | சனி, காலை 7.15

ஆம்பூர் அண்ணே, டார்ச் அடித்துப் பார்த்தேன். இடுக்கை விரித்தால் உள்ளே மணல் நிறம்! நூல் வெளியே கறுப்பு, அந்த மடிப்புக்குள் அதுவும் மணல் நிறம். கதவின் உள்பக்கம் மணல் நிறம்தான், இரட்டை நிறம் என்று நினைத்து வாங்கிவிட்டேன். கார் கழுவும் பையன் டேஷ்போர்டுக்குப் போடும் பாலிஷைத்தான் சீட்டிலும் போடுகிறானாம், வாரா வாரம். ஸ்டிக்கர் இன்னும் பார்க்கவில்லை. நாளை காலை ஊட்டிக்கு என்ன செய்ய?

ஆம்பூர்_ஃபினிஷிங் | 7.50

நினைத்தது சரிதான். முன்பு வைத்திருந்தவர் அழுக்கை மறைக்க மேலே கறுப்பு அடித்திருக்கிறார். பழைய பாலிஷின் சிலிக்கோன் பசையைச் சரியாக எடுக்காமல் அடித்தால் நிறம் பிடிக்காது. உங்கள் கிரீமில் இருந்த எண்ணெய்ப் பசை அதை இளக்கிவிட்டது.

இன்றைக்கு இது மட்டும் போதும். மென்மையான சோப்பு இரண்டு சொட்டை வெந்நீரில் நுரைக்க விட்டு, நுரையை மட்டும் வெள்ளைத் துணியில் எடுத்து அழுத்தாமல் துடையுங்கள். துணி கறுக்கும், பயப்படாதீர்கள். ஈரத்துணியால் இரண்டு தடவை ஒற்றி எடுங்கள். மின்விசிறிக் காற்றில், நிழலில் காய வேண்டும். வெயிலில் நிறுத்துவது, ஹேர் டிரையர், தின்னர் மூன்றும் ஆகாது. நாளை உட்காரும் பகுதிமேல் ஒரு பழைய பருத்தித் துண்டு விரித்துப் போங்கள். முதுகுப் பக்கம் மூட வேண்டாம், கொண்டைஊசி சொன்ன ஏர்பேக் அங்கேதான்.

அப்புறம் ஒரு வாரம் காரை விடுகிற மாதிரி நல்ல ஆளிடம் போங்கள். கறுப்பு முழுக்க எடுக்க வேண்டும், சிலிக்கோன் போகும்வரை துடைக்க வேண்டும், வெடிப்பில் வளைந்து கொடுக்கும் ஃபில்லர் மெல்லிசாக வைத்து இழைக்க வேண்டும், பிறகு நீரில் கரைத்த நிறமி மூன்று நான்கு மெல்லிய கோட், கடைசியில் மங்கல் டாப் கோட். "ஒரே நாளில் தருகிறேன்" என்பவரிடம் கொடுக்காதீர்கள். மணல் நிறத்துக்கே திரும்புங்கள் தம்பி. அந்தத் தோல் அடியில் நன்றாகத்தான் இருக்கும், பதினைந்து வருடம் ஒரு வயதே இல்லை.

தென்னந்தோப்பு | 8.20

சரிங்க ஐயா, எண்ணெயை என் செருப்போடு நிறுத்திக்கொள்கிறேன். ஊட்டிக்குப் பத்திரமாகப் போய் வாங்க தம்பி.

மலைப்பாதை_கோவை | திங்கள், இரவு 10.02

போய் வந்தாச்சு. துண்டில் லேசாகத்தான் கறை, சட்டையில் இல்லை. முதுகைக் காட்டி உட்காருவது அப்பாவுக்கு எளிதாகவே இருந்தது. இடுக்கில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுப்பைத் துடைத்துப் பார்த்தேன், அடியில் தோல் மெத்தென்று இருக்கிறது. எல்லாருக்கும் நன்றி.

ஆம்பூர்_ஃபினிஷிங் | 10.15

சந்தோஷம் தம்பி. அந்த ஸ்டிக்கர் எண்ணைப் போடுங்கள், நிறம் கலக்க அதுதான் வேண்டும். கார் கழுவும் பையனிடமும் சொல்லிவிட்டீர்களா?

கொண்டைஊசி_14 | வியாழன், காலை 6.40

ஸ்டிக்கர் கிடைத்ததா?