டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் முதல்ல படிக்க எந்த புக்கு? ஃபிளிப் ஃப்ளாப்ல மாட்டிக்கிட்டேன்

மூணாம்_செமஸ்டர்:
எல்லாருக்கும் வணக்கம். இசிஇ ரெண்டாம் வருஷம் படிக்கிறேன், பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். லைப்ரரில மோரிஸ் மேனோ எழுதுன டிஜிட்டல் டிசைன் எடுத்தேன். பைனரி, பூலியன் அல்ஜீப்ரா, கே-மேப் (பூலியன் ஈக்வேஷன சுருக்கற கட்டம்) வரைக்கும் மெதுவா புரிஞ்சிடுச்சு, நாலாவது சாப்டர் ஆடர், டீகோடர், மக்ஸ் கூட பரவால்ல. அஞ்சாவது சாப்டர் லாட்ச், ஃபிளிப் ஃப்ளாப் வந்ததும் ஒரு வாரமா அதே நாலு பக்கத்துல நிக்கிறேன். அவுட்புட்டே திரும்ப இன்புட்டுக்கு போகுது, அப்ப எது முதல்ல மாறும்னு எப்படி தெரியும்? இங்கிலீஷ் பிரச்சனையா, புக்கு பிரச்சனையா, எனக்கே பிரச்சனையானு தெரியல. இதவிட எளிமையா வேற புக்கு இருந்தா சொல்லுங்க அண்ணா, அக்கா.

பிரெட்போர்டு_அக்கா:
தம்பி, உன்கிட்ட ஒரு பிரச்சனையும் இல்ல, எல்லாரும் நிக்கிற இடம்தான் அது. அதுவரைக்கும் வந்த சர்க்யூட்ல இன்புட் என்னவோ அதுக்கு ஏத்த அவுட்புட், அவ்ளோதான். இங்கதான் முதல் தடவையா சர்க்யூட்டுக்கு ஞாபகம்னு ஒண்ணு வருது. லாட்ச்னா நம்ம வீட்டு கதவு தாழ்ப்பாள்தான், போட்டுட்டு கைய எடுத்தாலும் போட்டபடியே நிக்கும்ல. ஃபிளிப் ஃப்ளாப்பும் அப்படி ஞாபகம் வச்சுக்கறதுதான், ஆனா கிளாக் சிக்னல் மாறுற நேரத்துல மட்டும் மாறும்.

ஃபிளாய்ட் எழுதுன டிஜிட்டல் ஃபண்டமென்டல்ஸ் தேடிப் பாரு. படம் நிறைய, டைமிங் டயகிராம் நிறைய, வாக்கியம் சின்னச் சின்னதா இருக்கும், சர்க்யூட்ல தப்பு வந்தா எப்படி கண்டுபிடிக்கறதுனும் சொல்லித் தருவாரு. தமிழ் மீடியத்துல இருந்து வந்தவங்களுக்கு நான் முதல்ல குடுக்கறது இதுதான். பழைய எடிஷனே போதும், லாட்ச் மாறவே இல்ல.

ஆனா படிச்சா மட்டும் பத்தாது. ஒரு 74எல்எஸ்02 ஐசி வாங்கு, அதுல நாலு நார் கேட் (எந்த இன்புட் 1 ஆனாலும் அவுட்புட் 0 ஆகற கேட்) இருக்கும், ரெண்டு போதும். 14ம் பின்னுக்கு 5 வோல்ட், 7ம் பின் கிரவுண்ட். 1ம் பின்ல இருந்து 5ம் பின்னுக்கு ஒயர் இழு, 4ம் பின்ல இருந்து 2ம் பின்னுக்கு இழு. 3ம் பின், 6ம் பின் ரெண்டையும் தனித்தனியா 1 கிலோ ஓம் வழியா கிரவுண்டுக்கு போடு (சும்மா விட்டா டிடிஎல், அதாவது இந்த வகை ஐசி, அத 1னு எடுத்துக்கும், லேப்ல பாதி நேரம் இதுலதான் போகும்). 5 வோல்ட்ல இருந்து 470 ஓம், எல்இடி வழியா 4ம் பின்னுக்கு. இப்ப 6ம் பின்ன ஒரு நொடி 5 வோல்ட்ல தொட்டு எடு, எல்இடி எரியும், ஒயர எடுத்தாலும் எரிஞ்சிட்டே இருக்கும். 3ம் பின்ன தொட்டா அணையும்.

ஆர்டிஎல்_வேலை:
அக்கா சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். 7400 (நாண்ட் கேட் ஐசி) போட்டு பழகுன கையோட 7402 போட்டா கண்டிப்பா தப்பா வரும், 00ல முதல் கேட்டோட அவுட்புட் 3ம் பின், 02ல 1ம் பின், டேட்டாஷீட் பாக்காம ஒயர் குத்தாதீங்க. ஐசி கிடைக்கலனா லாஜிசிம் எவல்யூஷன்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுலயே கேட் இழுத்துப் போட்டு பாக்கலாம்.

அப்புறம் சிப் டிசைன் பக்கம் போற ஆசை இருந்தா ஹாரிஸ் அண்ட் ஹாரிஸ் புக்க இப்பவே பக்கத்துல வச்சுக்கோங்க. கேட்ல ஆரம்பிச்சு கடைசில ஒரு ப்ராசசரையே கட்டிக் காட்டுவாங்க, நடுவுல ஒரு சாப்டர் முழுக்க சிஸ்டம் வெரிலாக்கும் விஎச்டிஎல்லும் (சர்க்யூட்ட கோடா எழுதற ரெண்டு மொழி) பக்கத்துல பக்கத்துல இருக்கும். என் வேலைல கே-மேப் கையால போட்டதே இல்ல, அத டூல் பாத்துக்கும், ஆனா கிளாக் எட்ஜுக்கு (கிளாக் சிக்னல் 0, 1னு மாறுற நொடி) முன்னாடி டேட்டா எவ்ளோ நேரம் ஆடாம நிக்கணும்ங்கறது தினமும் வரும். செட்டப் டைம் (எட்ஜுக்கு முன்னாடி நிக்க வேண்டிய நேரம்), ஹோல்டு டைம் (எட்ஜுக்கு அப்புறம் நிக்க வேண்டிய நேரம்) ரெண்டையும் எந்த புக்குல படிச்சாலும் தாண்டிப் போகாதீங்க.

பழைய_பேப்பர்:
எல்லாரும் மேனோவ ஓரம் கட்டறீங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. ஃபிளாய்ட்ல புரிஞ்சுக்கோ, சரி, ஆனா சாப்டர் முடிவுல மேனோ குடுக்கற கணக்கு மாதிரி கை பழக்கறது வேற இல்ல. ஸ்டேட் டயகிராம்ல (சர்க்யூட் எந்த நிலைல இருந்து எதுக்குப் போகும்னு காட்டற படம்) இருந்து டேபிள், டேபிள்ல இருந்து ஈக்வேஷன், அதுல இருந்து சர்க்யூட்னு பத்து கணக்கு போட்டுட்டா பரிட்சைல கவுண்டர் டிசைன் கேட்டா பயமே வராது. புக்க திருப்பிக் குடுத்துடாத தம்பி.

மூணாம்_செமஸ்டர்:
அக்கா போட்டுப் பாத்தேன், எரியுது!! ஒயர எடுத்த பிறகும் எரிஞ்சப்ப ரூம்மேட்ட எழுப்பிக் காட்டினேன். இப்ப மேனோல அந்தப் படத்த பாத்தா என் போர்டுதான் தெரியுது. ஒரு சந்தேகம், 3, 6 ரெண்டையும் ஒண்ணா தொட்டா மீட்டர்ல 1, 4 ரெண்டு பின்னுமே 0 கிட்ட காட்டுது. ஒண்ணுக்கொண்ணு எதிரா தானே இருக்கணும்?

பிரெட்போர்டு_அக்கா:
சரியாதான் பாத்திருக்க. நார்ல எந்த இன்புட் 1 ஆனாலும் அவுட்புட் 0, அதனால ரெண்டும் விழுந்துடும். ரெண்டு ஒயரையும் ஒரே நேரத்துல எடுத்தா எந்தப் பக்கம் சாயும்னு யாராலயும் சொல்ல முடியாது, நீ முதல்ல கேட்டியே எது முதல்ல மாறும்னு, அந்தக் கேள்வி நிஜமாவே பிரச்சனை ஆகற இடம் இதுதான். மேனோல தொடர்ந்து டி லாட்ச் வரும், அங்க ஒரே இன்புட்ட நேரா ஒரு பக்கமும் இன்வர்ட்டர் வழியா இன்னொரு பக்கமும் குடுத்து ரெண்டும் சேர்ந்து 1 ஆகாம பண்ணிருப்பாங்க. அத இன்னிக்கு படி, ஒரு 7404ம் (இன்வர்ட்டர்) ஒரு 7408ம் (ஆண்ட் கேட்) வாங்கி வச்சுக்கோ, நாளைக்கு அத கட்டலாம்.