கழற்றி மாட்டும் ஏராவுக்கு என்ன பெயர்?

குழும நண்பர்களுக்கு வணக்கம். நம் படகு பழுதுபார்க்கும் கையேட்டின் வரைவில், படகின் அடியில் நீளவாக்கில் அமையும் 'keel' என்ற உறுப்பை எப்படிச் சொல்வது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> 'கீல்' என்று ஆங்கில ஒலிப்பையே வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாம் ஐயா. படகு கட்டும் இடத்தில் கீல் என்றால் தார். பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து மேலே பூசுவது அதைத்தான். 'கீலைக் கழற்று' என்று எழுதினால் குழப்பமே மிஞ்சும். ஏரா என்ற சொல் பழைய அகராதிகளிலேயே இருக்கிறது.

> அப்படியானால் எல்லாவற்றுக்கும் ஏரா போதும்.

இங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. மரக்கலத்தில் ஏரா முதுகெலும்பு. அதைக் கிடத்தி, வங்குகளை (விலாச் சட்டங்களை) நிறுத்தி, பிறகுதான் பலகை அடிப்பார்கள். கலத்தைப் பிரிக்காமல் அதை எடுக்க முடியாது. 1970களின் கண்ணாடியிழைப் பாய்ப்படகில் நாம் சொல்வது வேறு பொருள்: அடியில் போல்ட் போட்டுத் தொங்கவிட்ட ஈயக்கட்டி அல்லது வார்ப்பிரும்பு. படகு சாயாமல் நிறுத்தும் அடிபாரமும் அதுவே. ஆகவே 'பார ஏரா' என்கிறேன். 'fin keel' என்பதை அப்படியே பெயர்த்த 'துடுப்பு ஏரா' ஒத்துவராது. படகில் துடுப்பு என்றாலே வலிக்கும் துடுப்புதான் நினைவுக்கு வரும்.

போல்ட்டைப் போல்ட் என்றே விடுவோம், பட்டறையில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் அதைத் தின்னும் நோய்க்குத் தமிழ்ப்பெயர் அவசியம். எவர்சில்வர் போல்ட்டைக் காப்பது அதன் மேலுள்ள மெல்லிய ஆக்சைடு படலம்; அது புதுப்பித்துக்கொள்ள ஆக்சிஜன் வேண்டும். படகுக்கும் ஏராவுக்கும் நடுவில் உப்புநீர் தேங்கி நின்றால் ஆக்சிஜன் கிடைக்காது, படலம் அழியும். மேலே நட்டு பளபளவென்று இருக்கும், நடுவில் தண்டு அரித்து மெலிந்திருக்கும். இதற்கு (crevice corrosion) 'இடுக்கு அரிப்பு' சரியாகப் பொருந்துகிறது.

வினைச்சொல்லிலும் கவனம் வேண்டும். வரைவில் 'ஏராவைக் கீழே போடு' என்று இருக்கிறது. பெரும்பாலும் நடப்பது வேறு. ஏராவை மரத்தொட்டிலில் உட்காரவைத்து, நட்டுகளைத் தளர்த்தி, பழைய பசையைக் கம்பியாலோ வாளாலோ அறுத்து, ஆப்பு அடித்து, கிரேனால் படகைத்தான் மேலே தூக்குவார்கள். 'ஏராவை விடுவி, படகைத் தூக்கு' என்று திருத்துங்கள். கீழே நிற்பவர் தலைக்கு மேல் டன் கணக்கில் எடை இருக்கிறது.

இதில் இவ்வளவு பிடிவாதம் ஏன் என்று அக்கா கேட்டிருந்தார். 2014 மே மாதம் ஆன்டிகுவாவிலிருந்து சவுத்தாம்ப்டன் திரும்பிய 'சீக்கி ரஃபிக்கி' என்ற பாய்ப்படகு வட அட்லாண்டிக்கில் ஏரா கழன்று கவிழ்ந்தது, நால்வரும் மாண்டார்கள். முன்பு தரைதட்டியதும் அதன்பின் செய்த பழுதுபார்ப்பும் சேர்ந்து அடிப்பகுதியைப் பலவீனமாக்கியிருக்கலாம் என்று பிரிட்டிஷ் விசாரணை அறிக்கை சொல்கிறது. பழுதுபார்க்கும் கையேட்டில் சொல் தடுமாறக் கூடாது.

மீதி இருப்பது ஏராவுக்கும் படகுக்கும் நடுவில் பூசும் பசை. 'கலப்பத்து' பஞ்சும் தாரும் சேர்ந்த வேலை, பாலியுரேத்தேன் பசைக்கு அந்தச் சொல்லை இழுக்க எனக்கு மனமில்லை. 'அடைபசை' என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன். வல்வெட்டித்துறை, நாகைப் பக்கத்து நண்பர்கள் தங்கள் ஊர் மேத்திரிமாரிடம் கேட்டு எழுதுங்கள்.