கலோரிக் கணக்கு: நடுவில் விட்டுப்போய் மறுபடி எடுத்தவர்கள் எழுதுங்கள்

நெல்லைக்காரி:

நானே ஆரம்பிக்கிறேன். அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை என்று மதுரையில் ஆஸ்பத்திரியே கதியாகக் கிடந்த சமயத்தில் என் சாப்பாட்டுக் கணக்கு நின்றுபோனது. காலையில் கேன்டீன் பொங்கலும் வடையும், பதினோரு மணிக்கு டீயும் பன்னும், ராத்திரி எதிர்த்த கடையில் பரோட்டா சால்னா. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. துணைக்கு இருக்கிறவர்களுக்கு அப்போது எது சூடாகக் கிடைக்கிறதோ அதுதான் சாப்பாடு.

ஊருக்கு வந்து எல்லாம் அடங்கிய பிறகு செயலியைத் திறந்ததும் முதல் வேலையாகப் பழைய இலக்கை அழித்தேன். அது அப்போது இருந்த எடைக்கும், தினமும் நடந்துகொண்டிருந்த நடைக்கும் போட்ட கணக்கு. இப்போது எடையும் வேறு, நடையும் இல்லை. கொஞ்ச நாளைக்கு எதையும் குறைக்காமல், சாப்பிடுவதை அப்படியே எழுதிக்கொண்டு மட்டும் வந்தேன்.

எழுதிப் பார்த்தால் சோறு அவ்வளவு மோசமில்லை. ஆளை ஏமாற்றியது எண்ணெய். மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், அதாவது 15 மில்லி, கிட்டத்தட்ட 120 கலோரி. சுமாரான அளவில் இரண்டு இட்லி ஆயிற்று. நம் வீடுகளில் யார் கரண்டியால் அளந்து ஊற்றுகிறார்கள்? தூக்கை அப்படியே சாய்ப்பதுதானே வழக்கம்.

அடுத்த தலைவலி குழம்பு. செயலியில் 'சாம்பார், 1 கிண்ணம்' என்று இருக்கும். யார் வீட்டு சாம்பார், எந்தக் கிண்ணம்? அதனால் தட்டை விட்டுவிட்டுச் சட்டியைக் கணக்கிட ஆரம்பித்தேன். குக்கர், வாணலி, குழம்புச் சட்டி எல்லாவற்றின் வெறும் எடையையும் அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டியாயிற்று. சாம்பாருக்குத் துவரம்பருப்பு 150 கிராம், அது 500 கலோரி. எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, 240. காய், வெங்காயம், புளி, பொடி எல்லாம் சேர்த்து ஒரு 110. ஆக 850. கொதித்து இறக்கிய பிறகு சட்டியோடு நிறுத்து, சட்டியின் எடையைக் கழித்தால் 1700 கிராம். அப்படியானால் 100 கிராம் சாம்பார் 50 கலோரி. நான் ஊற்றிக்கொள்ளும் ஒரு கரண்டி 150 கிராம் பிடிக்கும், அது 75. ஒரு தடவை போட்டுவிட்டால் அதே அளவில் வைக்கும் வரை அந்தக் கணக்கு ஓடும். வீட்டில் மற்றவர்களுக்குத் தனியாகச் சமைக்கவும் வேண்டாம்.

அம்மா பார்த்துவிட்டு, "ஏட்டி, இது அடுப்படியா நகைக்கடையா?" என்றாள். இப்போது அவளே தூக்குக்குள் ஒரு மேசைக்கரண்டியைப் போட்டு வைத்திருக்கிறாள்.

ஷிப்ட்காரன்:

அக்கா சொன்ன சட்டிக் கணக்கோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரிசியைப் பச்சையாக நிறுத்தால் 100 கிராம் 350 கலோரிக்குக் கொஞ்சம் கூட வரும். வெந்த சோறு 100 கிராம் 130தான், தண்ணீரைக் குடித்து ஊதியிருக்கும். சோற்றை நிறுத்துவிட்டு 'அரிசி' என்று போட்டால் கணக்கு இரண்டரை மடங்குக்கும் மேலே எகிறும். எங்கள் ரூமில் ஒருத்தன் அதைப் பார்த்துப் பயந்தே ராத்திரிச் சோற்றை நிறுத்திவிட்டான்.

எனக்கு நின்றுபோனது சிக்கன்குனியாவால். காய்ச்சல் போயும் மூட்டு வலி போகவில்லை, மாடிப்படி ஏறவே முடியாது. மறுபடி ஆரம்பித்தபோது முதல் வாரம் எடை மளமளவென்று இறங்கியது, அப்புறம் அசையவே இல்லை. இது எல்லோருக்கும் நடப்பதுதான். உடம்பு சேர்த்து வைக்கும் மாவுச்சத்துக்குக் கிளைகோஜன் என்று பெயர், அது ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாடு குறைந்ததும் முதலில் வெளியே போவது அந்தத் தண்ணீர்தான். கல்யாண விருந்துக்கு மறுநாள் ஒரு கிலோ ஏறிக் காட்டுவதும் பெரும்பாலும் உப்பும் தண்ணீரும். ஒரு கிலோ கொழுப்பு சேர 7700 கலோரி அளவுக்கு மிஞ்ச வேண்டும். ஒரே இலையில் அவ்வளவு சாப்பிட நமக்குத் தெம்பு கிடையாது.

திருச்சி டீச்சர்:

சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் கொஞ்சம் நிதானம். என் வீட்டுக்காரர் நெடுநாள் கழித்து மறுபடி தொடங்கியபோது, ஒரேயடியாக ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிடுகிறேன் என்றார். டாக்டர் தடுத்துவிட்டார். கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், மயக்கமே வரலாம். சாப்பாட்டைக் குறைக்கும் முன்னால் மாத்திரை அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கீரைக்கட்டு:

எல்லோரும் தராசு வாங்குவதற்கு முன்னால் ஒன்று. எனக்கு எண் பார்க்க ஆரம்பித்தால் அதே நினைப்பாகிவிடும். ஒரு வாழைப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டே நிற்பேன். அதனால் இந்த முறை கணக்கே வேண்டாம் என்று விட்டேன். ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் வெளியிட்ட வழிகாட்டியிலும் தட்டில் பாதி காயும் பழமும் என்றுதான் இருக்கிறது. நான் காய், கீரையை முதலில் பரிமாறிக்கொள்கிறேன். மிச்ச இடத்தில்தான் சோறு, பருப்பு, முட்டை. மெதுவாகத்தான் இறங்குகிறது, ஆனால் தூக்கம் கெடவில்லை. அடுத்த மாதம் தங்கச்சி கல்யாணம் வேறு வருகிறது. கணக்கு எழுதுகிறவர்கள் அன்றைக்கெல்லாம் என்ன செய்வீர்கள்?

நெல்லைக்காரி:

எண்ணே தொந்தரவு என்றால் உங்கள் வழிதான் சரி, எழுத வேண்டியதில்லை. எழுதுகிற மற்றவர்களும் பந்தியில் உட்கார்ந்து போனை எடுக்காதீர்கள், பார்க்கிறவர்களுக்கே சங்கடம். நான் அன்றைய தேதிக்குக் 'கல்யாணம்' என்று மட்டும் போட்டுவிடுவேன். மறுநாளைப் பட்டினி போட்டு ஈடுகட்டவும் மாட்டேன், காலைக் காபியிலிருந்து வழக்கம்போல எழுதுவேன். அதில் சர்க்கரையையும் சேர்த்து எழுதுங்கள். டீஸ்பூனுக்கு 20 கலோரி. டம்ளருக்கு இரண்டு ஸ்பூன், நாளைக்கு நாலு டம்ளர் என்றால் 160 ஆகிவிடும்.