போர்க்காயமா, வெறும் காயமா? பென்ஷன் ஆணையை (பி.பி.ஓ.) எடுத்துப் பாருங்கள்

அப்பா 1999-இல் கார்கில் போரில் திராஸ் பகுதியில் இருந்தார். குண்டுச் சிதறல் பட்டு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. ராணுவ மெடிக்கல் போர்டு 60 சதவீதக் குறைபாடு என்று எழுதி வீட்டுக்கு அனுப்பியது. மாதாமாதம் பென்ஷன் வந்தது, வாங்கிக்கொண்டார். "உசிரோட திரும்பி வந்தேன், இதுல என்ன கணக்கு" என்பார்.

2016-இல் வங்கி வேலையாக அவருடைய பி.பி.ஓ.வை முதல்முறை முழுதாகப் படித்தேன். அதில் 'டிஸ்எபிலிட்டி எலமென்ட்', அதாவது சாதாரணக் குறைபாட்டுக்கான பென்ஷன் பகுதி, என்றிருந்தது. எதிரியின் குண்டில் காலை இழந்தவருக்கு போர்க்காயத்துக்கான 'வார் இஞ்சுரி எலமென்ட்' என்றல்லவா இருக்க வேண்டும்? வெறும் பெயர் வித்தியாசம் இல்லை இது. நூறு சதவீதக் குறைபாடு என்றால் முன்னதில் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம்தான். காயத்தால் வீட்டுக்கு அனுப்பப்பட்டவருக்குப் பின்னதில் கடைசிச் சம்பளம் முழுவதும். சதவீதத்தை உயர்த்திக் கணக்கிடும் முறைப்படி அப்பாவின் 60-ஐ 75 என்று எடுத்துக்கொள்வார்கள். ஆக, 22.5 சதவீதம் வரவேண்டிய இடமா, 75 சதவீதம் வரவேண்டிய இடமா என்பதுதான் கேள்வி.

யாரோ ஒருவர் காயத்தைப் 'பணியின்போது விபத்து' என்று பதிந்துவிட்டார். விண்ணப்பித்தால், பழைய ஃபைல் அழிக்கப்பட்டுவிட்டது என்று பதில். அப்பாவின் தகரப் பெட்டியில், சீருடைக்கு அடியில், ராணுவ மருத்துவமனைக் காகிதம் ஒன்று கிடைத்தது. அதில் 'பேட்டில் கேஷுவல்டி' (போரில் காயமடைந்தவர்) என்று தெளிவாக இருந்தது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஒரு பெரியவர் உட்கார வைத்து மனு எழுதிக் கொடுத்தார். அவரை மறக்க மாட்டேன். இரண்டு வருடம் அலைந்தோம். திருத்திய ஆணை வந்தது, நிலுவை மட்டும் மூன்று வருடத்துக்குத்தான். ஆணையை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார் அப்பா. பணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "போர்க்காயம்னு போட்டிருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

* * *

தம்பி, அப்பாவுக்கு என் சல்யூட்டைச் சொல்லுங்கள். நான் அதே சமயம் பீரங்கிப் படையில் இருந்தேன், 155 எம்.எம். பீரங்கி. ராத்திரி பகலாகச் சுட்டோம். ஓய்வுபெறும்போது காது கேட்கும் திறனில் குறை, 30 சதவீதம் என்றது போர்டு. ஆனால் 'சேவையால் வந்ததல்ல' என்று எழுதிவிட்டார்கள். பீரங்கிப் பக்கத்தில் பதினைந்து வருடம் நின்றவன் காது வேறு எதனால் போகும்?

முதல் மேல்முறையீடு தள்ளுபடி, இரண்டாவதும் தள்ளுபடி. அப்புறம் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போனேன். என் வக்கீல் முக்கியமாகக் காட்டியது 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை: சேரும்போது பதிவாகாத நோய் பிறகு வந்தால், அது சேவையால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு. எனக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. முழுச் சேவை முடித்து ஓய்வுபெற்றவர்களுக்கும் சதவீதத்தை உயர்த்திக் கணக்கிட வேண்டும் என்று 2014-இல் ராம் அவதார் வழக்கில் சொன்னதால், என் 30, 50 ஆனது.

போர்டு காகிதத்தின் நகலை வாங்காமல் ஊருக்கு ரயில் ஏறாதீர்கள். நான் ஏறிவிட்டேன், அதற்கே எட்டு மாதம் போனது.

* * *

அண்ணா, என் கணவருக்கு முதுகுத்தண்டில் குண்டு. சக்கர நாற்காலிதான். பென்ஷன் சரியாகவே வந்தது, ஆனால் உடனிருந்து பார்த்துக்கொள்பவருக்கென்று தனிப்படி உண்டு என்று பல வருடம் எங்களுக்குத் தெரியாது. நூறு சதவீதக் குறைபாடு உள்ளவருக்கு உதவியாள் தேவை என்று மெடிக்கல் போர்டு பரிந்துரைத்தால் கிடைக்கும். புனே கிர்க்கி மறுவாழ்வு மையத்தில் இருந்த ஒரு சுபேதார் சொல்லித்தான் கேட்டோம்.

வைத்தியத்துக்கு இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) அட்டை இருக்கிறது. போரில் ஊனமுற்றவர் என்பதால் சந்தா கட்டவில்லை. ஒருமுறை படுக்கைப்புண் சீழ் பிடித்துக் காய்ச்சல் ஏறி, திட்டத்தின் பட்டியலில் இல்லாத பக்கத்து மருத்துவமனையில் சேர்த்தோம். அவசரம் என்றால் அப்படிச் சேர்க்கலாம், 48 மணி நேரத்துக்குள் திட்டத்தின் பாலிகிளினிக்குக்குத் தெரிவிக்க வேண்டும். அது தெரியாமல் நான்காம் நாள் போனேன். பில் தொகையில் பாதிக்கு மேல் கைக்காசு. இப்போது அந்த பாலிகிளினிக் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி அவர் தலைமாட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன்.