கார் ஷெட் ஷட்டருக்கு எந்த மோட்டார்? சைடா, சென்டரா?

சத்துவாச்சாரி_பேஸ்2:
வணக்கம். வீட்டின் கீழ்த்தளத்தில் கார் நிறுத்தும் இடத்துக்கு இரும்பு ரோலிங் ஷட்டர் இருக்கிறது. அகலம் 10 அடி, உயரம் 8 அடி. வீடு கட்டியபோதே போட்டது, கையால்தான் தூக்க வேண்டும். அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆகியிருக்கிறது, கனமாக எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் ராணிப்பேட்டை சிப்காட்டில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவன். நான் இல்லாத நேரத்தில் ஷட்டரைத் தூக்க அவரை விட்டால் ஆள் இல்லை.

ரெண்டு பேரை வரவழைத்துக் காட்டினேன். ஒருவர் சைடு மோட்டார்தான் போட வேண்டும் என்கிறார். இன்னொருவர் வீட்டு ஷட்டருக்கு சென்டர் மோட்டாரே போதும், செலவும் குறையும் என்கிறார். இதற்கு நடுவில் அமெரிக்காவில் இருக்கும் மாமா, பெல்ட் டிரைவ் வாங்கு, சத்தமே கேட்காது என்று வீடியோவாக அனுப்புகிறார். ஷட்டருக்கு நேர் மேலே அப்பா, அம்மா படுக்கும் அறை. கோடையில் சாயங்காலமானால் வோல்டேஜ் இறங்கிவிடும். மாதாந்திரப் பராமரிப்பு என்றால் பகல் முழுக்க கரண்ட் கிடையாது. எதை வாங்கலாம்?

ஆற்காடு_ஷட்டர்_வேலை:
மாமா சொல்வதை முதலில் ஒதுக்கிவிடுங்கள் சார். பெல்ட் டிரைவ், செயின் டிரைவ் எல்லாம் அந்த ஊர்க் கதவுக்கு. அங்கே கதவு நாலைந்து பலகையாக இருக்கும், தண்டவாளத்தில் ஏறிக் கூரைக்கு அடியில் படுத்துக்கொள்ளும். மோட்டார் கூரையில் தொங்கும், ஒரு தள்ளுவண்டி கதவைப் பிடித்து இழுக்கும். உங்களுடையது உருளையில் சுற்றிக்கொள்ளும் ஷட்டர். அதை இதில் மாட்டவே முடியாது.

சைடா, சென்டரா என்பதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். ஷட்டரை இடுப்பு உயரத்துக்குத் தூக்கிவிட்டு மெதுவாகக் கையை எடுங்கள். அடியில் காலை வைக்காதீர்கள். அப்பாவைச் செய்யச் சொல்லாதீர்கள். நின்ற இடத்தில் நிற்கிறதா, கீழே வருகிறதா என்று சொல்லுங்கள். அப்புறம் மூன்று விஷயம் வேண்டும். ஷட்டர் மேலே சுற்றிக்கொள்ளும் பெட்டிக்குள் ஸ்பிரிங் இருக்கிறதா? உருளையின் ரெண்டு பக்கமும் சுவருக்கு எவ்வளவு இடைவெளி? ஷட்டரைத் திறக்காமல் வீட்டுக்குள் போக வேறு வாசல் உண்டா?

சத்துவாச்சாரி_பேஸ்2:
பார்த்தேன் அண்ணே. ஸ்பிரிங் உருளை மூன்று இருக்கிறது. கையை எடுத்ததும் ஷட்டர் நிற்கவில்லை. இடது பக்கம் முதலில் இறங்கியது, வலது பக்கம் கிறீச் என்று பின்னாலேயே வந்தது. அடிக்கட்டை தரையில் மோதியதும் மேலே பெட்டியிலிருந்து துருப் பொடி கொட்டியது. ஷட்டர் ஏறி இறங்கும் ரெண்டு பக்கத் தடத்துக்குள் (கைட் சேனல்) பழைய கிரீஸும் ஹைவே தூசியும் சேர்ந்து கறுப்பாக அப்பிக் கிடக்கிறது, ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் கட்டியாக வருகிறது.

வலது பக்கம் மாடிப்படிச் சுவர், இடைவெளி 3 அங்குலம்தான். இடது பக்கம் 14 அங்குலம் இருக்கிறது. வீட்டுக்குத் தனி முன்வாசல் உண்டு.

ஆற்காடு_ஷட்டர்_வேலை:
அப்படியானால் ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது. இதே நிலையில் சென்டர் மோட்டாரை மாட்டினால் கொஞ்ச நாளில் மோட்டார் போகும், விற்றவரைத் திட்டுவீர்கள்.

சென்டர் மோட்டார் அந்த உருளைக் குழாயையே கவ்விக்கொண்டு நடுவில் உட்காரும். பாரத்தைச் சுமப்பது ஸ்பிரிங், மோட்டார் சுற்றிவிடுகிறது, அவ்வளவுதான். ஸ்பிரிங் சரியாக இருந்தால் சின்ன மோட்டாரே போதும், பக்கவாட்டில் இடமும் கேட்காது. கரண்ட் இல்லாதபோது பிரேக் ஒயரை இழுத்து விடுவித்துவிட்டுக் கையால் தூக்க வேண்டும். உங்கள் வீட்டில் தகராறே அங்கேதான். அப்பா குனிந்து தூக்கத்தானே கூடாது?

சைடு மோட்டார் உருளையின் ஓரத்தில் நின்று, பல்சக்கரமும் செயினும் வைத்து முழு பாரத்தையும் தானே தூக்கும். மாட்டும்போது ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுக் கனமான குழாய் போடுவோம். கரண்ட் போனால் கைச்சங்கிலி தொங்கும், நின்றபடி இழுத்தால் ஷட்டர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். நேரம் பிடிக்கும், ஆனால் பலம் வேண்டாம். சங்கிலி உள்ளே இருக்கும் என்பதால் உள்ளே போக வேறு வழி இல்லாத கடைகளுக்கு இது சிக்கல். உங்களுக்கு முன்வாசல் இருக்கிறது, 14 அங்குலமும் இருக்கிறது. நான் சைடு என்றுதான் சொல்வேன்.

பாரம் எவ்வளவு என்று யாராவது பயமுறுத்தினால் கணக்கு இதுதான்: 80 சதுர அடி, 18 கேஜ் தடிமன் தகடு என்றால் ஷட்டர் ஏறக்குறைய 100 கிலோ. 300 கிலோ மோட்டார் தாராளம். 600 கிலோ என்று தள்ளிவிடப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

தொரப்பாடி_வயர்மேன்:
கரண்ட் பக்கம் நான் சொல்கிறேன். தனி எம்.சி.பி. (கோளாறு வந்தால் தானே டிரிப் ஆகும் சுவிட்ச்), தனி ஒயர், எர்த் கட்டாயம். இரும்பு ஷட்டர், மழையில் நனையும், வீட்டார் எல்லாரும் தொடுவார்கள். எர்த் இல்லாமல் மாட்டித் தருகிறேன் என்பவரிடம் வேலையே கொடுக்காதீர்கள்.

வோல்டேஜ் ரொம்ப இறங்கினால் மோட்டார் உறுமும், சுற்றாது. அப்போது ரிமோட்டை அழுத்திக்கொண்டே நிற்கக் கூடாது, சுருள் சூடாகிக் கருகும். வோல்டேஜ் நன்றாக இருந்தும் உறுமினால் மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டரைப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான் போயிருக்கும். மோட்டாருக்குள் சூடு தாங்காதபோது தானே நிறுத்திக்கொள்ளும் சுவிட்ச் இருக்கும். நம் ஊர் மே மாத வெயிலில், அதுவும் மேற்குப் பார்த்த ஷட்டர் என்றால், குழந்தைகள் ரிமோட்டை வைத்து விளையாடினாலே நின்றுவிடும். ரிப்பேர் என்று ஓட வேண்டாம், ஆறும் வரை விட்டால் போதும்.

வீட்டு இன்வெர்ட்டரில் போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். கிளம்பும் நொடியில் மோட்டார் இழுக்கும் கரண்ட், ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு. ஃபேன், லைட்டுக்கு வாங்கிய சின்ன இன்வெர்ட்டர் டிரிப் ஆகிவிடும். கைச்சங்கிலி இருக்கும்போது அதற்கென்று பெரிய இன்வெர்ட்டர் வாங்குவது வீண் செலவு. பேட்டரியோடு வரும் 24 வோல்ட் டி.சி. சைடு மோட்டாரும் உண்டு, காசு இருந்தால் அதைக் கேட்டுப் பாருங்கள்.

கன்ட்ரோல் பெட்டியை நெஞ்சு உயரத்துக்கு மேலே வையுங்கள். 2021 நவம்பர் மழையை நினைத்துக்கொள்ளுங்கள்.

காந்திநகர்_காட்பாடி:
எங்கள் வீட்டில் அந்தப் பலகைக் கதவும் பெல்ட் டிரைவும்தான், தம்பி. சத்தம் குறைவு என்பது உண்மை. ஆனால் உங்கள் ஷட்டரை எடுத்துவிட்டுக் கதவையே மாற்றினால்தான் அது நடக்கும், மோட்டாரைவிடக் கதவுக்குத்தான் காசு. கதவுக்கு மேலே, கூரைக்கு அடியில் தண்டவாளத்துக்கு இடமும் வேண்டும்.

நான் சொல்ல வந்தது சென்சார் பற்றி. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் ரெண்டு பக்கமும் எதிரெதிராகக் கண் மாதிரி இருக்கும், குறுக்கே எது வந்தாலும் இறங்குகிற கதவு மேலே திரும்பிவிடும். அமெரிக்காவில் 1993 முதல் தயாராகும் வீட்டு மோட்டார்களுக்கு இந்த மாதிரிப் பாதுகாப்பு கட்டாயம். இங்கே தனியாகக் கேட்டால்தான் போடுகிறார்கள். பேரக்குழந்தைகள் வந்து போகிற வீடு, கேட்டு வாங்குங்கள். எங்கள் வீட்டில் அதன் மேல் சிலந்தி வலை கட்டினால் கதவு மூடாது, துணியால் துடைத்தால் சரி.

குடியாத்தம்_ரோடு:
ஷட்டரையே கழற்றிவிட்டு ஸ்லைடிங் கேட் போட்டு அதற்கு மோட்டார் வைக்கலாமே?

ஆற்காடு_ஷட்டர்_வேலை:
10 அடி கேட் ஒதுங்க பக்கத்தில் இன்னொரு 10 அடி வேண்டும் சார். அவருக்கு ஒரு பக்கம் மாடிப்படி, மறுபக்கம் 14 அங்குலம்.

சத்துவாச்சாரி_பேஸ்2:
எல்லாருக்கும் நன்றி. சைடு மோட்டார் என்று முடிவாகிவிட்டது, சென்சாரும் சேர்த்து. சத்தத்துக்கு என்ன வழி? ரிமோட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஆற்காடு_ஷட்டர்_வேலை:
மோட்டார் சத்தத்தைவிட ஷட்டர் சத்தம்தான் அதிகம். மோட்டார் பிராக்கெட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ரப்பர் பேட் வைக்கச் சொல்லுங்கள். கைட் சேனலில் இருக்கும் அந்தக் கட்டியை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு சிலிக்கான் ஸ்பிரே அடியுங்கள். மறுபடி கிரீஸ் வேண்டவே வேண்டாம், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இத்தனையும் செய்தால் பாதி சத்தம் குறையும், மீதியோடு வாழ வேண்டியதுதான். இரும்பு ஷட்டர் இல்லையா.

ரிமோட்டில் ஒவ்வொரு அழுத்தலுக்கும் கோட் மாறும் ரோலிங் கோட் வகை வேண்டும் என்று கேளுங்கள். ஒரே கோட் ரிமோட்டை நகல் எடுக்க ரொம்ப நேரம் ஆகாது.

இன்னொன்று, இதை யாரும் சொல்ல மாட்டார்கள். பழைய ஷட்டரில் ரெண்டு பக்கத் தாழ்ப்பாளும் தரைப் பூட்டும் இருக்கும். மோட்டார் ஓட ஆரம்பிக்கும் முன் அவற்றைக் கழற்றிவிடுங்கள். யாராவது பழக்கத்தில் பூட்டிவிட்டுப் போக, உள்ளே இருப்பவர் ரிமோட்டை அழுத்தினால் தகடு அப்படியே மடங்கும். அந்த வேலைக்குத்தான் எனக்கு அதிகம் போன் வருகிறது.

சத்துவாச்சாரி_பேஸ்2:
தரைப் பூட்டு இல்லாமல் அப்பாவுக்குத் தூக்கம் வராது அண்ணே.

ஆற்காடு_ஷட்டர்_வேலை:
சைடு மோட்டாரில் பிரேக் இருக்கிறது, வெளியிலிருந்து கையால் தூக்கினால் ஏறாது என்று அவரையே தூக்கச் சொல்லாமல் நீங்கள் தூக்கிக் காட்டுங்கள். அப்படியும் மனசு கேட்கவில்லை என்றால் தரைப் பூட்டைக் கழற்றாமல் அப்படியே வைத்துக்கொண்டு அதில் ஒரு லிமிட் சுவிட்ச் வைக்கச் சொல்லுங்கள், பூட்டு போட்டிருக்கும் வரை மோட்டாருக்குக் கரண்ட் போகாது.