பழைய ஓம்னியில் தகரச் சத்தம்: எங்கே ஒட்டணும், எவ்வளவு ஒட்டணும்?

தகரடப்பா:
2008 மாடல் மாருதி ஓம்னி, 5 சீட், எல்பிஜி கிட் உண்டு. 50ஐத் தாண்டினாலே பின் சீட்டில் பேசுவது முன்னால் கேட்கவில்லை. மழை பெய்தால் கூரை தவில் மாதிரி அடிக்கிறது. சீட், மேட், டோர் பேட் எல்லாம் கழற்றியாச்சு. கடையில் பாடி முழுக்கத் தார் ஷீட் ஒட்டச் சொல்கிறார்கள். வீட்டிலேயே செய்ய எந்த ஷீட், எவ்வளவு வாங்கணும்?

ஸ்பேனர்14:
தார் ஷீட் வேண்டாம். வெயிலில் நிற்கும் வண்டிக் கூரையில் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் தார் இளகி நாறும், பிறகு கழன்று லைனிங் மேல் தொங்கும். மேலே அலுமினிய ஃபாயில் ஒட்டிய பியூட்டைல் (பிசுபிசுப்பான ரப்பர்) ஷீட், 2 மி.மீ. கனம் வாங்குங்க.

முழுக்க ஒட்டவும் தேவையில்லை. தகரம் அதிரும்போது அந்த ரப்பர், ஃபாயிலுக்கும் தகரத்துக்கும் நடுவில் இழுபட்டு அந்த அதிர்வைத் தின்றுவிடும். அதற்கு அதிரும் இடத்தில் இருந்தால் போதும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்க. "டங்ங்" என்று இழுக்கிற இடம் பெரும்பாலும் இரண்டு ரிப்புக்கு (தகரத்தைத் தாங்கும் விறைப்புப் பட்டை) நடுவில் இருக்கும். அங்கே பரப்பில் மூன்றில் ஒரு பங்கு ஒட்டினால் "டொக்" ஆகிவிடும். அதற்கு மேல் ஒட்டுவது காசுக்கும் எடைக்கும் கேடு. 2 மி.மீ. ஷீட் சதுர மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வரும். கூரை, பின்பக்கவாட்டு, கதவு, பின் கதவு சேர்த்து 12 சதுர மீட்டர் வந்தால் 4 சதுர மீட்டர் ஷீட், 13 கிலோ அளவில் முடியும். முழுக்க ஒட்டினால் 40 கிலோ. 796 சிசி வண்டிக்கு அது ஒரு ஆளைக் கூடுதலாக ஏற்றியது மாதிரி.

ஒட்டுமுன் துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, நன்றாகக் காயவிடுங்க. துடைக்க ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் போதும். தின்னர் போட்டால் ரீபெயின்ட் பண்ணிய இடம் உரிந்துவிடும். மதிய வெயிலில் ஒட்டாதீங்க, சூடான தகரத்தில் பட்ட இடத்திலேயே பிடித்துக்கொள்ளும், நகர்த்த முடியாது. சின்ன ரோலரால் அழுத்தி ஃபாயிலில் உள்ள கட்டம் தட்டையாகும் வரை உருட்டணும். கட்டம் தெரிந்தால் அடியில் காற்று இருக்கு. ஊசியால் குத்தி மறுபடி உருட்டுங்க. கையுறை கட்டாயம், ஃபாயில் விளிம்பு பிளேடு மாதிரி.

பீடிங்பாய்:
ஸ்பேனர் சொன்னது தகரம் அதிர்வதற்குத்தான் மருந்து. பேச்சை அமுக்குவது முன் சீட்டுக்கு அடியில் இருக்கிற இன்ஜின் சத்தம். அது காற்று வழியாக வரும், பியூட்டைல் ஒட்டி அதைப் பிடிக்க முடியாது. முதலில் இடுக்குகளை அடைங்க. ஒரு தடுப்பில் நூற்றில் ஒரு பங்கு ஓட்டையாக இருந்தால், மீதி இரும்புச் சுவராகவே இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் குறையாது.

சீட்டைத் தூக்கி, இன்ஜின் மூடியைச் சுற்றி உள்ள ரப்பர் பீடிங்கைப் பாருங்க. கல்லாகிப் போயிருந்தால் மாற்றணும். பேப்பர் துண்டை நடுவில் வைத்து மூடி இழுத்தால் லேசாக வரக்கூடாது. ஸ்லைடிங் டோருக்கும் இதே டெஸ்ட். ரோலர் தேய்ந்த கதவு எத்தனை ஷீட் ஒட்டினாலும் கடகடக்கும்.

மூடியின் அடிப்பக்கம் பியூட்டைல், தார், சாதா ஃபோம் எதுவும் கூடாது. சூடு தாங்கும் ஃபாயில் முகப்புள்ள கண்ணாடிநார் விரிப்பை வாஷர் வைத்து ரிவெட் அடிங்க, விளிம்பை ஃபாயில் டேப்பால் மூடுங்க. திறந்த நார் ஆயிலைக் குடித்தால் தீப்பிடிக்கும்.

எல்பிஜி சிலிண்டர் வால்வு டப்பாவிலிருந்து வெளியே போகும் காற்றுக்குழாயை எந்தக் காரணத்துக்கும் அடைக்காதீங்க. கசிந்த கேஸ் வெளியேற அது ஒன்றுதான் வழி.

தகரடப்பா:
தரைக்கு ஸ்பாஞ்ச் போட்டு மேலே மேட் விரிக்கலாமா? கதவுக்குள்ளேயும் ஸ்பாஞ்ச் அடைக்கலாம் என்கிறார்கள்.

ஸ்பேனர்14:
இரண்டும் வேண்டாம். தண்ணி குடித்த ஸ்பாஞ்ச் காயாது, ஒரு மழைக்காலத்தில் தரை துரு பிடித்துவிடும். ஏசி குழாய்க்குச் சுற்றும் கறுப்பு நைட்ரைல் ஃபோம் தண்ணி உறிஞ்சாது. 6 மி.மீ. ஷீட்டைத் தரையில் விரித்து, மேலே சதுர மீட்டருக்கு 5 கிலோ வரும் கனமான வினைல் ஷீட் போடுங்க. வினைல் எடையால் தடுக்கும், ஃபோம் அதைத் தகரத்திலிருந்து பிரித்து வைக்கும். ஜாயின்ட்டை டேப்பால் மூடணும். சீட் போல்ட் ஓட்டையை முன்கூட்டியே வெட்டி வைங்க. ஃபோமை நசுக்கி போல்ட் போட்டால் சீட் தளர்ந்துவிடும்.

முன் கதவில் வெளித் தகரத்தின் உள்பக்கம் உள்ளங்கை அளவு இரண்டு மூன்று துண்டு போதும். கண்ணாடியை முழுசா இறக்கி, இடிக்கிறதா பார்த்துவிட்டு ஒட்டுங்க. கதவின் அடியில் உள்ள வடிகால் ஓட்டை திறந்தே இருக்கணும். டோர் பேடுக்குள் இருந்த பிளாஸ்டிக் தாள் கிழிந்திருந்தால் புதுசா வெட்டி பியூட்டைல் டேப்பால் ஒட்டுங்க. அதை விட்டால் மழைத்தண்ணி பேடை ஊறவைக்கும்.

பீடிங்பாய்:
கூரையை முதல் நாள் முடிச்சு, லைனிங் போடுமுன் குடத்துத் தண்ணியை மேலே ஊற்றிப் பாருங்க. சத்தம் எங்கே மிச்சம் என்று அப்பவே தெரியும். ஒழுகல் இருந்தாலும் தெரிஞ்சுடும்.